பழசு ஏன் எப்பவும் ஜெயிக்குது?

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவருக்கும் அவருடைய அக்கா மகனுக்கும் பத்து வருடமாக ஒரு வழக்கு நடக்கிறது. சொத்து வழக்கு இல்லை, ஓபெத் வழக்கு.

ஓபெத் ஸ்வீடனைச் சேர்ந்த ப்ராக்ரெசிவ் மெட்டல் பேண்ட். பாட்டுகள் சர்வசாதாரணமாகப் பத்து நிமிடம் ஓடும். அக்கூஸ்டிக் கிட்டார் மெல்ல நடந்துகொண்டிருக்கும்போதே தரை பிளந்த மாதிரி டிஸ்டார்ஷன் வந்து விழும். மேலே மிக்கேல் ஆகர்ஃபெல்ட்டின் அடித்தொண்டை உறுமல். 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பம்தான் நான் அண்ணன் என்று கூப்பிடும் அந்த நண்பருக்கு வேதம். 2008இல் 'வாட்டர்ஷெட்' வந்தது, அடுத்து 2011இல் 'ஹெரிடேஜ்'. அதில் உறுமல் சுத்தமாக இல்லை. 1970களின் ராக் வாசனையோடு முழுக்கச் சாதாரணக் குரலில் பாடியிருந்தார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். பெரம்பூரில் கட்சிக்கு ஒரு ஆள்.

"இன்னாடா இது, கத்தவே மாட்றான்? பத்தியச் சாப்பாடு மாரி கீது" என்பார் அண்ணன்.

"மாமா, நீ பாட்டு கேக்கறியா, சண்டை கேக்கறியா?" என்பான் அவன். 2014இல் வந்த 'பேல் கம்யூனியன்'தான் அவனாகப் போட்டுக் கேட்ட முதல் ஓபெத். அப்போது அவனுக்கு வயது 14.

இரண்டு பேருக்கும் நடுவில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு ஆல்பங்களைவிட இந்த இரண்டு காதுகள்தான் சுவாரசியம். ஒரே பேண்ட், ஒரே வீட்டு வாசல், எதிரெதிர் தீர்ப்பு. இதில் எவ்வளவு பாட்டில் இருக்கிறது, எவ்வளவு கேட்பவன் மண்டைக்குள் இருக்கிறது?

தண்டவாளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் வீடு ரயில்பாதைக்கு இரண்டு தெரு தள்ளி. ராத்திரி முழுக்க வண்டி போகும், ஒருத்தரும் எழுந்ததில்லை. 2020 மார்ச் கடைசியில் லாக்டவுனுக்காகப் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். அந்த வாரம் என் அம்மா நடுராத்திரியில் விழித்து உட்கார்ந்துகொண்டு, "இன்னாமோ சரியில்ல" என்றார். இருக்கும் சத்தம் எழுப்பவில்லை, வர வேண்டிய சத்தம் வராததுதான் எழுப்பியது. மூளை காதில் விழுவதைப் பதிவு செய்துகொண்டு சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன விழும் என்று ஒவ்வொரு கணமும் பந்தயம் கட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் கவனிப்பது பெரும்பாலும் பந்தயம் தோற்கும் இடங்களை.

இசை இந்தப் பந்தயத்தின் மேல்தான் நடக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழுவினர் 2011இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கேட்டால் புல்லரிக்கும் பாட்டை அவரவரே கொண்டுவரச் சொல்லி, மூளையை ஸ்கேன் செய்தார்கள். புல்லரிக்கும் நொடியில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் டோபமின் என்ற, சுகத்தோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரந்தது. ஆனால் அதற்குச் சில நொடி முன்னாலேயே, 'இதோ வரப்போகுது' என்று காத்திருக்கும்போதே, காடேட் என்ற இன்னொரு பகுதியில் டோபமின் சுரக்கத் தொடங்கிவிட்டது. பிரியாணி அண்டாவின் தம்மை உடைப்பதற்கு முன்னாலேயே வாயில் ஊறுகிற மாதிரி.

ஆனால் முன்பின் சாப்பிடாத பதார்த்தத்துக்கு யாருக்கும் அப்படி ஊறாது. 'வரப்போகுது' என்று துல்லியமாகக் காத்திருக்க, அது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் 'பிளாக்வாட்டர் பார்க்'கைக் குறைந்தது ஐந்நூறு தடவை கேட்டிருப்பார். அக்கூஸ்டிக் பகுதி எந்த நொடியில் முடியும், எங்கே உறுமல் பாயும் என்று அவர் உடம்புக்கே தெரியும். 'ஹெரிடேஜ்' கேட்டது இரண்டரைத் தடவை. அந்த அரைத் தடவையும் நான் கட்டாயப்படுத்தியது. ஒன்றில் காத்திருப்பின் சுகம், பாய்ச்சலின் சுகம் இரண்டுமே உண்டு. மற்றதில் காத்திருக்கவே வழியில்லை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'பழசுதான் கெத்து' என்பது, முப்பது வருடம் கூட இருந்த நண்பனையும் நேற்று பஸ்ஸில் பார்த்தவனையும் ஒப்பிடுவது போலத்தான்.

திரும்பத் திரும்பப் பார்த்தாலே எதுவும் கொஞ்சம் பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968இலேயே காட்டினார். அர்த்தமில்லாத சொற்களைச் சிலவற்றை அதிக முறையும் சிலவற்றைக் குறைந்த முறையும் காட்டினார். அதிகம் பார்த்தவைக்கே நல்ல அர்த்தம் இருக்கும் என்றார்கள் மக்கள். இதற்கு ஒரு எல்லையும் உண்டு. டேனியல் பெர்லைன் 1970களில் வரைந்த படம் ஒரு மேடு மாதிரி இருக்கும்: ரொம்பப் புதுசு பிடிக்காது, பழகப் பழகப் பிடிப்பு ஏறும், அளவுக்கு மீறினால் சலித்து இறங்கும். எளிமையான பாட்டு மேட்டில் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கிவிடும். சிக்கலான பாட்டு மெதுவாக ஏறும், உச்சியிலும் ரொம்ப நாள் உட்கார்ந்திருக்கும். ப்ராக்ரெசிவ் மெட்டலுக்கு இதுதான் வரமும் சாபமும். மூன்று தடவை கேட்டுத் தீர்ப்பு எழுதினால், அடிவாரத்தில் நின்றுகொண்டு மலை சரியில்லை என்று சொன்ன கதைதான்.

அண்ணன் மலை ஏறியது தன் புத்திசாலித்தனத்தால் இல்லை, வேறு வழி இல்லாததால். பர்மா பஜாரில் வாங்கிய ஒரே ஒரு எம்பி3 சிடி. அதில் எட்டு ஆல்பம், அவற்றில் மூன்று கீறல் விழுந்து ஓடாது. காசு போட்டு வாங்கியதால் பிடிக்காவிட்டாலும் கேட்டே ஆக வேண்டும். மாதக்கணக்கில் அதே சிடிதான். இன்று புது ஆல்பம் வெள்ளிக்கிழமை போனில் வந்து விழுகிறது. இரண்டாவது பாட்டின் நாற்பதாவது நொடியில் விரல் அடுத்ததற்குத் தாவுகிறது. புது ஆல்பத்தின் முதல் எதிரி பழைய ஆல்பம் இல்லை, அந்த விரல்.

பழக்கம் குறையைக்கூட அழகாக்கிவிடும். ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க பேண்டின் 1992 ஆல்பம் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' இந்த வகை இசையின் மூலவர்களில் ஒன்று. அதன் ஸ்னேர் ட்ரம் சத்தம் இயற்கையானது இல்லை. பதிவான அடிக்கு மேல் சாம்பிள் ஒன்றை, அதாவது முன்பே பதிந்து வைத்த சத்தத்தை, ஒட்டியிருந்தார்கள். வாசித்த மைக் போர்ட்னாய்க்கே அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தோடு வளர்ந்த ஒருவரிடம் போய் 'ஸ்னேர் மோசம்' என்று சொல்லிப் பாருங்கள், நம்மை மோசம் என்பார். அந்த டக் சத்தம் அவருக்கு ஊர்ச் சத்தம்.

தாளக் கணக்கிலும் பழக்கம்தான் ஆசிரியர். இந்தப் பேண்டுகள் ஏழு, ஐந்து, பதினொன்று என்று கோணலாக எண்ணும். எரின் ஹேனனும் சாண்ட்ரா ட்ரெஹப்பும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளில், தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாட்டுப்புற இசையின் கோணல் தாளங்களை வட அமெரிக்கக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். தாளத்தில் பிசகு நேர்ந்தபோது பெரியவர்கள் கோட்டை விட்டார்கள், ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்தன. பன்னிரண்டு மாதத்தில் குழந்தைகளுக்கும் அந்தத் திறன் மங்கத் தொடங்கியது. ஆனால் கொஞ்ச நாள் அந்த இசையைக் கேட்க வைத்தால் அவற்றுக்குத் திரும்ப வந்தது. பெரியவர்களுக்கு அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. நமக்கு இதில் ஒரு சின்ன அதிர்ஷ்டம்: தகிட தகதிமி என்று ஏழைச் சொல்லும் மிஸ்ர சாபு எங்காவது ஒரு கோயில் வாசலில், கச்சேரி ஸ்பீக்கரில் காதில் விழுந்திருக்கும். பியானோ மாஸ்டரிடம் போகாத பெரம்பூர் பையன் செவன்-எய்ட் என்ற ஏழு எண்ணும் தாளத்துக்குத் தலையாட்டுவதில் அதற்கும் பங்கு இருக்கும் என்பது என் சொந்த ஊகம்.

இவ்வளவு நேரம் எல்லாம் மண்டைக்குள் என்றேன். அதற்காக அண்ணன் கட்சியை மொத்தமாகத் தள்ளுபடி செய்துவிட முடியாது. 2011இல் உண்மையாகவே ஒன்று போனது. உறுமல்.

சாதாரணமாகப் பாடும்போது தொண்டையின் உண்மைக் குரல்நாண்கள் ஒழுங்காக அதிர்ந்து ஒரு ஸ்ருதி பிறக்கிறது. அவற்றுக்குச் சற்று மேலே இரண்டு மடிப்புகள் உண்டு, போலிக் குரல்நாண்கள். பேசும்போது அவற்றுக்கு வேலை இல்லை. முக்கும்போது, கனம் தூக்கும்போது மூடிக்கொள்ளும். உறுமிப் பாடுபவர் அவற்றையும் சேர்த்து அதிர வைக்கிறார். அவை தடித்தவை என்பதால் அதிர்வு மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். ஸ்ருதி கரைந்து கரகரப்பு மேலே வரும். நன்றாகப் பழகியவருக்கு இதில் பெரிய பலமே தேவைப்படாது. தொண்டை கிழியக் கத்துவது வேறு, இது வேறு.

இந்தக் கரகரப்புக்கு மூளையில் தனி வாசல் இருக்கிறது. நம் பேச்சில் சத்தம் ஏறி இறங்குவது நொடிக்கு நாலைந்து முறைதான். அலறலில் அது நொடிக்கு 30 முதல் 150 முறை வரை நடுங்குகிறது என்றும், அபாயத்தைக் கையாளும் அமிக்டலாவை அந்த நடுக்கம் தூண்டுகிறது என்றும் லூக் ஆர்னல், டேவிட் பாப்பல் குழு 2015இல் காட்டியது. குழந்தை வீறிடுவதும் அலாரமும் இந்த ரகம்தான். மெட்டலின் கரகரப்பும் இதற்குப் பக்கத்து வீடு. ஆபத்து மணி அடிக்கும், ஆனால் ஆபத்து இல்லை என்று நமக்குத் தெரியும். ராட்டினத்தில் ஏறிய சுகம். 'ஹெரிடேஜ்' ராட்டினத்தை நிறுத்திவிட்டுப் பூங்காவில் நடக்கக் கூப்பிட்டது. பூங்கா அழகுதான், ஆனால் டிக்கெட் வாங்கியவர் ராட்டினத்துக்கு வாங்கினார்.

வயது விஷயத்தையும் சொல்ல வேண்டும். சுமார் 10 முதல் 30 வயது வரை நடந்தவை மற்ற வருடங்களைவிட அடர்த்தியாக நினைவில் நிற்கும். முதல் முறைகள் எல்லாம் குவிந்திருக்கும் காலம் அது. 2009இல் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவுக்கு ஓபெத் வந்தது. அண்ணன் 29சி பஸ் பிடித்து அடையாறில் இறங்கி ஓடினார். மறுநாள் குரல் போய், வேலையில் சைகையில் பேசினார். அந்த ராத்திரியும் சேர்ந்துதான் பழைய ஆல்பங்களில் ஒலிக்கிறது. 'ஹெரிடேஜ்' வந்தபோது அவருக்குக் கல்யாணமாகி, இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தது.

கார்னெலின் கேரல் க்ரம்ஹான்ஸலும் ஜஸ்டின் ஸப்னிக்கும் 2013இல் இன்னொரு வேடிக்கையைக் கண்டார்கள். இருபது வயதுக்காரர்களுக்குத் தங்கள் காலப் பாட்டுகளோடு, பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகள் மேலும் தனிப் பிடிப்பு இருந்தது. வீட்டில் ஓடியது வழியாக ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். மாமா 'பிளாக்வாட்டர் பார்க்' போட்டால் மருமகன் கேட்டாக வேண்டும். ஒருநாள் அவனிடம் நைசாக அதிலிருந்து ஒரு கிட்டார் துண்டை முனகினேன். அடுத்த துண்டை அவன் முனகி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமாவிடம் சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சத்த அளவு பற்றிச் சுருக்கமாக. டிஜிட்டல் பதிவுக்கு ஒரு கூரை உண்டு, அதற்கு மேல் சத்தம் போக முடியாது. எனவே மொத்தத்தில் சத்தமாகக் கேட்பதற்காக மெல்லிய இடங்களையும் உயர்த்தி எல்லாவற்றையும் கூரையில் முட்ட வைத்தார்கள். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னடிக்' இதற்குப் பேர்போனது. கூரையில் முட்டி முட்டி அலையின் தலையே நசுங்கியிருக்கும். மெல்லியதும் பலத்ததும் மாறி மாறி வருவதிலேயே வாழும் இசைக்கு இது கொலை. இன்னொரு கோணமும் உண்டு. சத்தம் குறைந்தால் காது பேஸை, அதாவது கனத்த அடிச் சத்தத்தைத்தான் முதலில் இழக்கும், இதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்துவிட்டார்கள். பழைய சிடியை அலற விட்டு, புது ஆல்பத்தைப் பத்து மணிக்கு மேல் மெதுவாகப் போனில் கேட்டால், புதுசு சப்பென்றுதான் இருக்கும். தப்பு ஆல்பத்தின் மேல் இல்லை.

2024 நவம்பரில் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' வந்தது. 'வாட்டர்ஷெட்'டுக்குப் பிறகு பதினாறு வருடம் கழித்து ஆல்பத்தில் உறுமல் திரும்பியது. முதல் பாட்டிலேயே அண்ணன் முகம் மலர்ந்தது. மருமகன் இயர்போனைக் கழற்றினான். "இன்னா மாமா, எவ்ளோ நல்லா பாடினு இருந்தான். பழைய ஓபெத் மாரியே இல்ல" என்றான். அவனுக்குப் பழசு 2014.

அண்ணனும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. உறுமல் சரி, பாட்டு இன்னும் பழைய அளவுக்கு இல்லையாம். நான் ஒரு பந்தயம் வைத்தேன். ஒரே இயர்போன், ஒரே வால்யூம், ஒரு மாதம், தினம் ஒரு தடவை. இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் அதே டீக்கடை. "ம்ஹூம், தேறாதுப்பா" என்றார் அண்ணன். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஆல்பத்தில் ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் இயன் ஆண்டர்சன் வந்து புல்லாங்குழல் வாசித்திருக்கிறார். குழல் நுழைவதற்கு அரை நொடி முன்னால் அண்ணனின் ஆள்காட்டி விரல் டீ கிளாஸின் விளிம்பில் டிங் என்று தட்டியது. மருமகன் என்னைப் பார்த்தான். நான் இன்னொரு டீ சொன்னேன்.