இ75 சாலைக்கு அடியில் பனி என்ன செய்கிறது?

நார்வேயின் வடகிழக்கு மூலையில் வார்டோ என்று ஒரு தீவு நகரம் இருக்கிறது. அங்கே கிளம்பும் இ75 நெடுஞ்சாலை பின்லாந்துக்குள் நுழைந்து, அந்த நாட்டை மேலிருந்து கீழ் வரை கடந்து ஹெல்சிங்கிக்கு வந்து, பால்டிக் கடலில் காணாமல் போய், மறுபடி போலந்தில் தலைகாட்டி, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, செர்பியா, வடக்கு மாசிடோனியா வழியாகக் கிரீஸுக்குப் போய், இன்னொரு கடலையும் தாண்டிக் கிரீட் தீவில் முடிகிறது. மொத்தம் 4,000 கிலோமீட்டருக்கும் மேல். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிந்தாலும் இதை ஒரே சாலையாக யாரும் போடவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஏற்கெனவே கிடந்த சாலைகளைக் கோத்து, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1975-ல் ஜெனீவாவில் கொண்டுவந்த ஒப்பந்தத்தின்படி எண் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 5-ல் முடிந்தால் வடக்கு தெற்காகப் போகும் பெரிய சாலை, 0-வில் முடிந்தால் கிழக்கு மேற்கு. (ஸ்வீடனும் நார்வேயும் மட்டும் இ4, இ6 என்ற பழைய எண்களை விட மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டன, கணக்குப்படி அவை இ55, இ47 ஆகியிருக்க வேண்டும்.)

தெற்குப் பகுதியை விட்டுவிடலாம், அது மற்ற ஐரோப்பிய மோட்டார்வேக்களைப் போலத்தான். வடக்குப் பகுதிதான் விஷயமே. தொடக்கத்திலேயே, வார்டோவை நிலத்தோடு இணைக்கும் சுரங்கப்பாதை கடல் மட்டத்துக்கு 88 மீட்டர் கீழே போகிறது. 1980-களின் தொடக்கத்தில் திறந்தது, கடலுக்கு அடியில் வாகனங்களுக்காக நார்வே தோண்டிய முதல் சுரங்கம். ஆனால் சுரங்கம் தோண்டுவதைவிடக் கஷ்டமான வேலை அதற்கப்புறம் வருகிறது. தானா ஆற்றைக் கடந்து பின்லாந்தின் உட்ஸ்யோக்கிக்குள் நுழைந்து, இவலோ, சொதங்கிலா, ரொவானியெமி என்று பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்து முழுக்க அந்தச் சாலையைச் சமதளமாக வைத்திருப்பதுதான் அது.

லாப்லாந்தில் குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி ஒன்றும் பெரிய செய்தி இல்லை. 1999 ஜனவரியில் கித்திலா வட்டாரத்துப் போக்கா என்ற ஊரில் மைனஸ் 51.5 வரை போனது, பின்லாந்தின் பதிவுகளிலேயே அதுதான் மிகக் குறைவு. இந்தக் குளிரில் தார்ச்சாலை எப்படி உடையாமல் இருக்கிறது என்றுதான் யாரும் முதலில் கேட்பார்கள். கடும் குளிரில் தார் சுருங்கிக் குறுக்கே விரிசல் விடும் என்பது உண்மைதான், அதற்கு வடக்கே கொஞ்சம் மிருதுவான பிடுமனை (சாலையில் கற்களை ஒட்டவைக்கும் கறுப்புப் பசை) பயன்படுத்திச் சமாளிக்கிறார்கள். பெரிய தொல்லை தாருக்குக் கீழே, மண்ணில் இருக்கிறது. அங்கே வில்லன் குளிர்கூட இல்லை, தண்ணீர்தான்.

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், அதனால்தான் மண் உப்பிச் சாலையைத் தூக்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து நாம் சொல்லிவிடுவோம். அந்தக் கணக்கு போதவே போதாது. மண்ணில் இருக்கும் ஈரம் முழுவதும் உறைந்து விரிந்தாலும் சாலை சில சென்டிமீட்டர்தான் உயர முடியும், நிஜத்தில் சில இடங்களில் பத்து, இருபது சென்டிமீட்டர் வரை உயர்கிறது. இதை ஒரு கெட்டிக்காரச் சோதனையால் உடைத்துக் காட்டியவர் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர். 1930 வாக்கில் அவர் மண்ணில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் விரியாது, சுருங்கும். அப்படியும் மண் உப்பியது! ஆக, விரிவு காரணமில்லை, எங்கிருந்தோ புதிதாகத் திரவம் வந்து சேர்கிறது என்று தெரிந்துபோயிற்று.

எங்கிருந்து? கீழே இருக்கும் நிலத்தடி நீரிலிருந்து. குளிர் மேலிருந்து கீழே இறங்கும்போது உறைந்த மண்ணுக்கும் உறையாத மண்ணுக்கும் நடுவே ஒரு எல்லை இருக்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் மண்துகளை ஒட்டி மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உறையாமல் மிஞ்சும், அதற்குள் அழுத்தம் குறைவாக இருக்கும், அந்த இழுப்பில் விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோலக் கீழே உள்ள தண்ணீர் மேலே ஏறி வந்து எல்லையில் உறையும். வந்தது உறைய, இன்னும் வரும், அதுவும் உறையும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து கிடைமட்டமாகச் சுத்தமான பனித்தகடு ஒன்று வளர்கிறது, இதை ஐஸ் லென்ஸ் என்பார்கள். உறைந்த சாலையை வெட்டிப் பார்த்தால் சாம்பல் நிற மண்ணுக்குள் தலைமுடி கனத்திலிருந்து விரல் கனம் வரை கண்ணாடி போன்ற அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அத்தனை கனமும் சேர்ந்துதான் மேலே இருக்கும் தாரைத் தூக்குகிறது.

எல்லா மண்ணும் இப்படிச் செய்யாது. மணலில் துளைகள் பெரிது, தண்ணீர் மேலே ஏறாது. களிமண்ணில் இழுப்பு பலமானது, ஆனால் துளைகள் அவ்வளவு சிறியவை என்பதால் தண்ணீர் ஆமை வேகத்தில்தான் நகரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நுண்வண்டல்தான் ஆபத்து, இழுக்கவும் செய்யும், வழியும் விடும். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் பெஸ்கோவ் 1935-ல் சாலைகளையும் ரயில் பாதைகளையும் மனதில் வைத்தே இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். துரதிர்ஷ்டம் என்னவென்றால் பனியுக முடிவில் பனிப்பாளங்கள் விட்டுப்போன மண்தான் பின்லாந்தின் பெரும்பகுதி, கல்லும் மணலும் நுண்வண்டலும் கலந்த ஒரு கலவை. சாலை போடுகிறவனுக்கு இதைவிட மோசமான சீதனம் கிடைக்காது.

சாலை முழுவதும் ஒரே அளவில் உயர்ந்து ஒரே அளவில் இறங்கினால் யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை. சமமாக உயராததுதான் பிரச்சினை. பாறைமேல் போகும் சாலை அசையாது, அடுத்த பத்து மீட்டரில் வண்டல்மேல் போகும் சாலை எழும்பி நிற்கும், நடுவில் வண்டி குதிக்கும். குறுக்கே போகும் நீர்க்குழாய்க்கு மேலேயும் இதே கதை. அப்புறம், சாலையைச் சுத்தம் செய்து ஓரத்தில் குவித்த பனி போர்வைபோல ஓரங்களை மூடிக் காக்கும், நடுப்பகுதி திறந்து கிடப்பதால் அங்கே உறைபனி ஆழமாக இறங்கும். நடு அதிகம் உயர்கிறது, ஓரம் குறைவாக உயர்கிறது, முடிவில் சாலையின் நடுவில் நீளவாக்கில் விரிசல். லாப்லாந்துச் சாலைகளில் நடுக்கோட்டை ஒட்டி ஓடும் விரிசல்களில் நிறைய இப்படி வந்தவைதான். மண்ணுக்குள் புதைந்த பெரிய கற்களும் சும்மா இருப்பதில்லை. குளிர்காலத்தில் மண்ணோடு சேர்ந்து மேலே வரும், உருகும்போது அடியில் மண் சரிந்து குழியை நிரப்பிவிடுவதால் பழைய இடத்துக்கு இறங்காது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஒருநாள் தாரைப் பிளந்து எட்டிப் பார்க்கும்.

தீர்வு? கேட்க எளிது, செலவுதான் அதிகம். உறைபனி இறங்கும் ஆழத்துக்கு, வடக்கே அது பனி அகற்றிய சாலையில் இரண்டு மீட்டரையும் தாண்டும், மண்ணை முழுவதும் தோண்டி எடுப்பது யாருக்கும் கட்டுபடியாகாது, முடிந்தவரை தோண்டித் தண்ணீரை இழுக்காத உடைகல்லைக் கொட்டுகிறார்கள். பாறை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அந்தக் கல்லடுக்கை ஆப்பு வடிவத்தில் சரிவாக இறக்குகிறார்கள், மாற்றம் திடீரென்று இல்லாமல் மெல்ல வரட்டும் என்று. நீளவாக்கு விரிசலுக்குத் தாருக்கு அடியில் இரும்புக்கம்பி வலை. சில இடங்களில் பாலிஸ்டைரின் (தெர்மாகோல் வகை) பலகைகளைப் புதைத்துக் குளிர் இறங்காமல் தடுக்கிறார்கள், ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. பலகை கீழேயிருந்து வரும் பூமியின் வெப்பத்தையும் தடுத்துவிடுவதால் அந்தத் துண்டில் மட்டும் மேற்பரப்பு சீக்கிரம் குளிர்ந்து, மற்ற இடம் ஈரமாக இருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத ஐஸ் பிடித்துவிடும், ஓட்டுகிறவருக்குப் பெரிய ஆபத்து. இவை எல்லாவற்றையும்விட மலிவானது, நான் கேட்டால் முதலில் செய்யவேண்டியதும்கூட, ஓரத்து வடிகாலை ஆழமாக, அடைப்பில்லாமல் வைத்திருப்பது. தண்ணீர் இல்லையென்றால் லென்ஸ் இல்லை.

ஜனவரியில் சாலை கல்லாக உறைந்து கிடக்கும், எவ்வளவு கனமான லாரியையும் தாங்கும். காட்டிலிருந்து மரம் வெட்டி ஏற்றுவதற்குக் குளிர்காலத்தை நம்பியிருப்பதும் அதனால்தான். உடைவது ஏப்ரல், மே மாதங்களில். உறைந்த மண் மேலிருந்து உருகும், கீழே இன்னும் உறைந்திருக்கும், லென்ஸ்கள் உருகிய அத்தனை தண்ணீரும் இறங்க வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டு மண்ணைக் கூழாக்கிவிடும். பின்லாந்தில் இந்தப் பருவத்தைக் கெலிரிக்கோ என்கிறார்கள், சின்ன கிராவல் சாலைகளில் அப்போது கனரக வண்டிகளுக்குத் தடை போடுவது வழக்கம். அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓடவிட்டே நடத்திய பெரிய சாலைச் சோதனையில் கிடைத்த கணக்கு இங்கே முக்கியம்: அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கில்லை, சுமார் பதினாறு மடங்கு. அந்தச் சோதனையிலும் பெரும்பகுதிச் சேதம் பனி உருகும் வசந்தத்தில்தான் நடந்தது. 2013 முதல் 76 டன் வரை லாரிகளை அனுமதிக்கும் நாட்டில், இ75 போன்ற தடை போட முடியாத முதன்மைச் சாலைக்கு அடியில் எவ்வளவு கல் கொட்டவேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, மேற்பரப்பு. அங்கேயும் தொல்லை கொடுப்பது பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலைதான். மைனஸ் 25-ல் ஐஸ் உலர்ந்து, டயருக்கு ஓரளவு பிடிமானம் கொடுக்கும், பூஜ்ஜியத்தில் மேலே தண்ணீர்ப் படலம் படிந்த ஐஸ்தான் ஆளைக் கவிழ்க்கும். சாதாரண உப்பு கோட்பாட்டளவில் மைனஸ் 21 வரை ஐஸை உருக்கும், நடைமுறையில் மைனஸ் ஆறேழுக்குக் கீழே மெதுவாகி உபயோகமற்றுப் போகும். அதனால் வடக்கே நடுக்குளிரில் உப்பை நம்பாமல், அழுந்திய பனியையே சாலையின் மேல்தளமாக ஏற்றுக்கொண்டு, பல்வைத்த தகட்டால் அதில் கீறல் போட்டு மணல் தூவுகிறார்கள். வெறும் மணலைப் பின்னால் வரும் வண்டிகள் காற்றிலேயே பறக்கடித்துவிடும். நார்வேக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: கிட்டத்தட்டக் கொதிக்கும் தண்ணீரை மணலோடு கலந்து தூவினால், சூடான மணல் ஐஸைக் கொஞ்சம் உருக்கி உள்ளே இறங்கி, அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, நாள் கணக்கில் நிற்கும்.

டயரில் ஆணி பதிப்பதும் அங்கே சகஜம். அந்த ஆணிகள் ஐஸ் இல்லாத நாட்களில் தாரையே அரைத்துத் தள்ளி, சக்கரத் தடத்தில் பள்ளம் விழ வைக்கின்றன. இந்த அரைப்பைத் தாங்கத்தான் 1960-களில் ஜெர்மனியில் ஒரு கலவை கண்டுபிடித்தார்கள்: பெரிய உடைகற்கள் ஒன்றோடொன்று நேரடியாக உரசி நிற்கும், இடைவெளியைப் பிடுமன் கூழ் நிரப்பும், ஸ்டோன் மாஸ்டிக் அஸ்பால்ட் என்று பெயர். பிறகு 1970-களில் மேற்கு ஜெர்மனி ஆணி டயருக்கே தடை போட்டுவிட்டது. கலவை மட்டும் தங்கிவிட்டது, காரணம் அது கனரக லாரிகளின் பாரத்திலும் தடம் விழாமல் தாங்கியது. பின்லாந்தில் இன்றும் அது ஆணியோடுதான் மல்லுக்கட்டுகிறது, ஆணி டயரையே பார்த்திராத இந்தியாவிலோ லாரிகளுக்காகவே அதைப் போடுகிறார்கள்.