பத்து ஆண்டு கழித்து வரும் சம்பளம்

2023 டிசம்பரில் பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஒட்டானி, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டார். பேஸ்பால் உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் களத்தில் இறங்கி ஆடும் ஒவ்வோர் ஆண்டும் அவர் கைக்கு வருவது 20 லட்சம் டாலர்தான். மீதி 6.8 கோடி அப்படியே பத்து ஆண்டு தள்ளிப்போகிறது. 2024இல் ஆடியதற்கான பெரும்பணம் 2034இல் வரும். கடைசித் தவணை 2043இல். இதற்கு வட்டி கிடையாது.

வட்டி இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து 6.8 கோடி கொடுக்க இன்று எவ்வளவு ஒதுக்கினால் போதும்? கணக்குக்கு எடுத்துக்கொண்ட வட்டி விகிதம் 4.43 சதவீதம். ஒரு டாலரை அதில் போட்டு வட்டிக்கு வட்டி சேர விட்டால், பத்தாவது ஆண்டில் 1.54 டாலராகிவிடும். சரி, 6.8 கோடியை 1.54ஆல் வகுத்துப் பாருங்கள்: 4.4 கோடி. கையில் தரும் 20 லட்சத்தையும் சேர்த்தால் 4.6 கோடி. ஓராண்டுக்கு 7 கோடி என்று எழுதியிருந்தாலும் ஒட்டானியின் இன்றைய மதிப்பு அவ்வளவுதான்.

அணிக்கு இது ஏன் முக்கியம்? அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஓர் அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்ட வேண்டும். 2024இல் அந்த வரம்பு 23.7 கோடி டாலர். தாண்டிய தொகையில் முதல் முறை 20 சதவீதம், அடுத்தடுத்த ஆண்டும் தாண்டினால் 30, பிறகு 50. வரிக் கணக்கில் ஒட்டானி பெயருக்கு எதிரே ஏறுவது 7 கோடி அல்ல, அந்த 4.6 கோடி. மிச்சமாகும் இடத்தில் இன்னொரு நல்ல வீரரைச் சேர்க்கலாம். பணத்தைத் தள்ளிவைக்கும் யோசனை ஒட்டானியுடையதே என்று அவர் தரப்பு சொன்னது. தன் பணத்தைவிட அணியின் வெற்றியைப் பெரிதாக நினைக்கும் வீரர் என்று அவர்மீது எனக்கு மதிப்பு கூடியது அப்போதுதான்.

வட்டியோடு தள்ளிவைத்தால் கதையே வேறு. நியூயார்க் மெட்ஸ் அணி பாபி பொனியா என்ற வீரருக்கு 59 லட்சம் டாலர் பாக்கி வைத்திருந்தது. அதை 8 சதவீத வட்டியோடு 2011 முதல் தருவதாக ஒப்புக்கொண்டது. 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் அவருக்கு சுமார் 11.9 லட்சம் டாலர் போகும். 25 தவணை; மொத்தம் கிட்டத்தட்ட 3 கோடி!

அப்புறம், ஒப்பந்தத்தின் நீளம். பொதுவாக வரிக்கு ஆண்டுச் சராசரிதான் கணக்கு. அதனால் ஆண்டுகளைக் கூட்டினால் சராசரி இறங்கும். 2019இல் பிரைஸ் ஹார்ப்பருக்கு 26 வயது. ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி அவருக்குத் தந்தது 13 ஆண்டு, 33 கோடி டாலர். ஆண்டுக்கு சுமார் 2.5 கோடி. முப்பத்தைந்தைத் தாண்டி ஆட்டம் தளரும் என்று அணிக்குத் தெரியாமல் இல்லை. நல்ல காலத்து உழைப்புக்கான கூலியைத்தான் பின்னாட்களுக்கும் சேர்த்துப் பரப்பித் தருகிறது.

2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற வீரர் மெட்ஸில் போட்ட ஒப்பந்தம் 15 ஆண்டு, 76.5 கோடி டாலர், தள்ளிவைத்தது ஒரு டாலர்கூட இல்லை. ஐந்து ஆண்டு முடிந்ததும் அவர் விலகிப் புதிய ஒப்பந்தம் தேடலாம். அவரைப் போகவிடாமல் தடுக்க வேண்டுமென்றால் மீதமுள்ள 10 ஆண்டுக்கும் அணி ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் கூட்டித் தர வேண்டும்.