போன் திரைக்குள் ஒரு தமிழ்ப் பக்கம் எப்படி அடங்குகிறது?

வேலூர்க் கோட்டையைப் பற்றி உங்கள் வலைப்பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் வெடித்த சிப்பாய் எழுச்சி, கோட்டையைச் சுற்றி இருக்கும் அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், எல்லாம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. அதையே காட்பாடி ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருக்கும் ஒருவர் போனில் திறக்கிறார். பொடிப்பொடியாக எழுத்து. இரண்டு விரலால் விரிக்கிறார், இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், மூன்றாவது வரிக்குள் மூடிவிடுகிறார். அவருக்குப் பொறுமை இல்லை என்று நினைக்காதீர்கள். அவருடைய போன் உங்கள் பக்கத்திடம் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறது.

என் அகலம் 980 பிக்சல் என்பதுதான் அந்தப் பொய். 2007இல் முதல் ஐபோன் வந்தபோது வலைத்தளங்கள் கிட்டத்தட்ட எல்லாமே கம்ப்யூட்டர் திரையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அதை உள்ளபடி காட்டினால் பக்கத்தின் ஒரு மூலைதான் தெரியும். அதனால் 980 பிக்சல் அகலமுள்ள கற்பனைத் திரை ஒன்றில் பக்கத்தை முழுதாக வரைந்து, பிறகு அதைச் சுருக்கி உள்ளங்கைக்குள் காட்டினார்கள். மற்ற போன்களும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன. உங்கள் பக்கம் வேறு ஏதும் சொல்லாவிட்டால் இன்றைக்கும் இதுதான் நடக்கிறது.

இங்கே பிக்சல் என்பது போன் பெட்டியில் அச்சடித்திருக்கும் பிக்சல் இல்லை. 1080 புள்ளி அகலமுள்ள திரையைப் பல போன்களில் பிரவுசர் 360 பிக்சல் என்றுதான் எண்ணும். மூன்று புள்ளிக்கு ஒரு பிக்சல். இந்த 360க்குள் 980ஐத் திணித்தால் எல்லாமே சுமார் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நீங்கள் 16 பிக்சலில் வைத்த எழுத்து 6 பிக்சலாகிவிடும். திரையின் அகலம் 7 சென்டிமீட்டருக்குள் இருக்கும் போனில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதுவும் எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம்தான், எழுத்து அதைவிடச் சின்னது.

மருந்து ஒரே ஒரு வரி. பக்கத்தின் HTML குறிமொழியில், படிப்பவர் கண்ணில் படாத தலைப்பகுதியில் (head) வியூபோர்ட் என்று ஒரு குறிப்பு போட்டு, அகலம் கருவியின் அகலமே, ஆரம்ப அளவு 1 என்று எழுதிவிட்டால் போன் கற்பனைத் திரையை விட்டுவிட்டு 360ஐயே அகலமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் இதைப் போட்டபின் டெம்ப்ளேட்டில், அதாவது பக்கத்தின் தோற்றத்துக்கான தயார் வார்ப்பில், எங்காவது அகலம் 900 பிக்சல் என்று கட்டிப்போட்டிருந்தால், அந்தப் பெட்டி திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதிகபட்சம் இவ்வளவு, அதற்குக் கீழே திரை எவ்வளவு தருகிறதோ அவ்வளவு என்று மாற்ற வேண்டும். திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் இந்த முறைக்கு 2010இல் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்கோட் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்று பெயர் வைத்தார், இப்போது வரும் டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலும் இது ஏற்கெனவே இருக்கும்.

சரி, இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கு இதோடு முடியவில்லை. ஆங்கிலத்துக்காகச் செய்த டெம்ப்ளேட்டின் அளவுகளைத் தொடாமல் தமிழில் எழுதுகிறோமே, அங்கேதான் நிறையப் பக்கங்கள் கெட்டுப்போகின்றன.

முதலில் உயரம். தமிழ் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கிறது. ‘கீ’யின் சுழி மேலே போகிறது, புள்ளி மேலே உட்காருகிறது, ‘மூ’, ‘ழு’ எல்லாம் கீழே இறங்குகின்றன. வரிக்கு வரி இடைவெளி எழுத்தளவில் 1.2 மடங்கு என்று இருந்தால், மேல்வரியின் கொக்கியும் கீழ்வரியின் புள்ளியும் உரசிக்கொள்ளும். இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் கால் நொடி நிற்கிறது, நிற்கும் அந்த நேரத்தில்தான் எழுத்தை வாங்கிக்கொள்கிறது. வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு ஒரு பெரிய தாவல். போனில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் பிடிக்கும் என்பதால் இந்தப் பெரிய தாவல் அடிக்கடி நடக்கும், வரிகள் நெருக்கியடித்தால் தப்பான வரியில் போய் இறங்கும். என் கணக்கில் தமிழுக்கு 1.6இலிருந்து 1.8 மடங்கு வேண்டும், எழுத்தளவும் 18 பிக்சலுக்குக் குறையக் கூடாது. இடைவெளியை 24 பிக்சல் என்று எழுதாமல் மடங்காகவே எழுதுங்கள், இல்லாவிட்டால் பெரிய தலைப்பும் அதே 24ஐ வாங்கிக்கொண்டு தன் இரண்டாவது வரிமேல் ஏறிவிடும்.

அப்புறம் நீளம். ‘தெரிந்துகொள்ளவேண்டியவை’ என்று தலைப்பில் ஒரே சொல்லாக எழுதி 32 பிக்சலில் வையுங்கள். ஓரம் போக மிச்சமிருக்கும் 328 பிக்சலுக்குள் அது அடங்காது, நடுவில் வெற்றிடம் இல்லாததால் பிரவுசருக்கு அதை எங்கே மடிப்பது என்றும் தெரியாது. அந்த ஒரு சொல்லுக்காகப் பக்கம் முழுக்கப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அடங்காத சொல்லை உடைக்கலாம் என்று அனுமதி கொடுக்க ஒரு கட்டளை இருக்கிறது. கொடுத்தால் முழு எழுத்தின் எல்லையில்தான் உடைக்கும், மெய்யையும் அதன் புள்ளியையும் பிரிக்காது. அதைவிட நல்லது, ‘தெரிந்துகொள்ள வேண்டியவை’ என்று பிரித்தே எழுதுவது. பத்தியின் இரண்டு ஓரத்தையும் நேராக்கும் ஆசையையும் போனில் விட்டுவிடுங்கள், மூன்று சொல்லை இழுத்து நிரப்பினால் நடுவே ஆளே நுழையும் அளவுக்குச் சந்து விழும்.

யுனிகோடு தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட், ஆங்கிலத்துக்கு ஒன்றுதான், அதனால் தமிழ்ப் பக்கம் கனம் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆயிரம் சொல் கட்டுரை சுமார் 30 கிலோபைட், சுருக்கி அனுப்பினால் இன்னும் கம்மி. கனம் அகழி போட்டோவில் இருக்கிறது. 12 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 4000 புள்ளி அகலம், 3000 உயரம். போன் காட்டப்போவதோ 1080 அகலம், அதாவது ஒன்பது லட்சம் புள்ளிக்கும் குறைவு. வேண்டியதைப்போல் பதின்மூன்று மடங்குக்கு மேல் இறங்குகிறது, அதற்கும் டேட்டா கட்டுவது படிப்பவர். ஏற்றும் முன்பே சிறிதாக்கிவிடுங்கள். ஆசைக்கு ஒரு எழுத்துருவை இறக்குமதி செய்வதும் இதே கதை, அது வந்து சேரும்வரை மூன்று நொடிகூடச் சில பிரவுசர்கள் எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும். போனிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது, அதுவே போதும்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். வெள்ளையில் சாம்பல் நிற எழுத்து இப்போது நாகரிகம், ஆனால் மே மாதம் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நின்று யாராவது அதைப் படித்துப் பார்க்கட்டும். திரையின் வெள்ளை 500 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தருகிறது, சாம்பல் எழுத்து 111 நிட் என்றால் வித்தியாசம் 4.5 மடங்கு, வீட்டுக்குள் போதும். வெளியே கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு 300 நிட் என்று வைத்தால் அது இரண்டோடும் சேர்ந்துகொள்ளும், 800க்கு 411, இரண்டு மடங்குகூட இல்லை. அதே இடத்தில் கறுப்பு எழுத்து 800க்கு 300 என்று தாக்குப்பிடிக்கும். போதாக்குறைக்குச் சூடு ஏறினால் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் திரை வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேலூரில் படிக்கப்போகிறவர்களுக்கு எழுதுகிறீர்கள் என்றால் கறுப்பே வையுங்கள்.

கடைசியாக, பழைய டெம்ப்ளேட்டுகளில் அதே வியூபோர்ட் வரியின் வாலில், படிப்பவர் விரலால் பெரிதாக்கக் கூடாது என்று ஒரு தடையும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கும், அவர்களுக்கு அந்த விரல் அசைவுதான் கண்ணாடி. கோயில் கல்யாண மண்டபத் தூணில் இருக்கும் சிற்பத்தைக் கிட்டப் பார்க்க நினைப்பவரையும் அது தடுக்கிறது. ஐபோன் 2016இலிருந்து அந்தத் தடையைக் கண்டுகொள்வதில்லை, ஆண்ட்ராய்டு குரோமில் இன்னும் அது செல்லும், அதனால் கையோடு நீக்கிவிடுங்கள்.