டம்ளருக்குள் ஓர் ஊதுகருவி

சேலம் குகையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஆடித் திருவிழாவில் தவில்காரர் கை வலிக்க வாசிக்கிறார். என் பேரன் ரூமுக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிவிட்டு, தானும் இசைக்கலைஞன் என்கிறான். இதை எப்படிங்க ஒத்துக்கொள்வது?"

ஒத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அதற்கு ஒலியின் இயற்பியலே சாட்சி சொல்லும்.

காற்று வேகமாக அதிர்ந்தால் சுருதி ஏறும், அதிர்வின் வீச்சு கூடினால் சத்தம் கூடும். ஒரே சுருதியில் வீணையும் வயலினும் வெவ்வேறாகக் கேட்பதற்கு, கூடவே ஒலிக்கும் மேற்சுரங்கள் காரணம். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். உண்மையும்கூட, ஆனால் பாதி உண்மை.

மீதிப் பாதிக்கு, வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டம்ளரை எடுங்கள். உருக்காலை ஊர்க்காரர்களுக்கு அதற்கா பஞ்சம்? கரண்டியால் தட்டி, 'டங்' ஓசையை மொபைலில் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, அந்த அலையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, மிச்சத்தை மெல்ல எழும்பும்படி மாற்றிக் கேளுங்கள். டம்ளர் காணாமல் போயிருக்கும். யாரோ தூரத்தில் எதையோ ஊதுவது போலிருக்கும்.

1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்ற ஒலிப்பொறியாளர் இதையே மணியோசையில் செய்து பார்த்தார். தொடக்கத்தை வெட்டியதும் மணி, மணியாக இல்லை.

ஏன்? கரண்டி பட்ட கணத்தில் எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகக் கிளம்புகின்றன. டம்ளரின் வடிவத்துக்கு ஒத்துவராதவை சில மில்லிநொடிகளில் செத்துவிடும், ஒத்துவரும் சில மட்டும் நின்று ரீங்கரிக்கும். அடித்த ஓசையா, ஊதிய ஓசையா என்று காது முடிவு செய்வது பெரும்பாலும் அந்த முதல் சிதறலை வைத்துத்தான். ஆளை நடையை வைத்தே கண்டுபிடிப்பது போல.

1964இல் ராபர்ட் மூக் என்ற அமெரிக்கப் பொறியாளர், மின்சாரத்தாலேயே ஒலிகளை உருவாக்கும் தன் சிந்தசைசர் கருவியைக் காட்டினார். அடுத்த ஆண்டு விளாடிமிர் உசாசெவ்ஸ்கி என்ற இசையமைப்பாளர், ஓர் ஒலியின் வாழ்க்கையை நான்காகப் பிரித்து ஆளும் வழியைச் சொன்னார்: எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எழுந்தபின் எவ்வளவு தணிய வேண்டும், எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், விட்டதும் எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும். இன்றைக்கும் எந்த மென்பொருளைத் திறந்தாலும் அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் என்று அந்த நான்கு திருகுகள் இருக்கும்.

தவிலில் கூடு மாட்டிய விரல்கள் விழும்போது எழுச்சிக்கு நேரமே கிடையாது. நாதசுரம் மூச்சு இருக்கும்வரை நிற்கும். லேப்டாப்பில் ஒரு டிரம் ஒலியின் அட்டாக்கை 2 மில்லிநொடியில் வைத்தால் 'டப்' என்று நெஞ்சில் விழும், 40க்குத் தள்ளினால் 'ஊம்' என்று அமுங்கிவிடும். இடையில் எங்கே நிறுத்துவது என்பதைக் கணினி சொல்லாது. தவில்காரரின் மணிக்கட்டு செய்யும் அதே முடிவை இங்கே பையன் காதால் செய்கிறான்.

விற்பனைக்கு வரும் ரெடிமேட் தாளத்துண்டுகளை வரிசையாக ஒட்டிவிட்டு மார்தட்டுகிறவர்களை நான் சேர்க்கவில்லை. பாட்டின் சுருதியை 432 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வைத்தால் நோய் தீரும் என்று விற்பவர்களை அறவே சேர்க்கவில்லை. அந்த எண்ணுக்கு எந்த மந்திர சக்தியும் இல்லை. ஒருவர் நாலு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்தில் பாடுவார், கேட்பவருக்கு ஜுரம் இறங்கியதா என்ன?

மின்சாரம்தான் உறுத்துகிறது என்றால், கச்சேரி மேடையில் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர், மூக் சிந்தசைசரோடு ஓர் ஒலிக்கூடம் அமைத்துக் கொடுத்தார். சில ஆண்டுகளிலேயே அது ஓய்ந்தது. அதைத் தொடர்ந்து காசு போட்டு வளர்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் கற்றுத் தருகிறார்கள். எட்டாவதாக, கணினியில் ஒலியை உருவாக்கி வடிவமைக்கும் ஒலித்தொகுப்பையும் சேர்க்கலாம். நாலு கணினி, நல்ல ஸ்பீக்கர் இரண்டு, ஓர் ஆசிரியர் போதும். முதல் வகுப்பைத் தவில் வாத்தியாரே எடுக்கட்டும்.