குகை மூச்சு விடுவது எப்படி?

குகைச் சுற்றுலா போய் வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலையில் நாங்கள் உள்ளே நுழைந்தபோது காற்றும் எங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பியபோது அதே வாயிலில் காற்று வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே விசிறி இல்லை, மறுபக்கம் வேறு வழியும் கிடையாது என்றார் வழிகாட்டி. அப்படியானால் அந்தக் காற்று எங்கே போனது, எங்கிருந்து வந்தது?"

அருமையான கேள்வி. கயிற்றில் இறங்கியும் வயிற்றால் ஊர்ந்தும் புதுக் குகை தேடுகிறவர்களுக்கு இந்தக் காற்றுதான் முதல் தடயம். "காற்று வந்தால் வழி உண்டு" என்பது அவர்களிடையே புழங்கும் பேச்சு. உலகின் மிகப் பெரிய குகைகளில் சில, தரையில் இருந்த ஒரு சின்ன ஓட்டை ஊதியதால்தான் வெளியே தெரிந்தன.

குகை உருவாகும் விதம் பள்ளியில் படித்ததுதான். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களை லட்சக்கணக்கான ஆண்டுகள் அரித்து அகலப்படுத்துகிறது. பிறகு நீர்மட்டம் இறங்கிவிட, தண்ணீர் இருந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. அப்புறம் வெப்பநிலை. பாறை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால் கோடையும் குளிரும் சில பத்து மீட்டர் ஆழம் போவதற்குள் மங்கிவிடுகின்றன. ஆகவே ஆழமான குகைக்குள் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். வெளியே அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி எவ்வளவோ, அதற்குப் பக்கத்தில் இருக்கும்.

இனி காற்றுக்கு வருவோம். மலை உச்சியில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக்கி மூடி, கீழே கொண்டுவந்து பாருங்கள். பாட்டில் நசுங்கியிருக்கும். கீழே வளிமண்டல அழுத்தம் அதிகம், உள்ளே இருப்பதோ உச்சியின் குறைந்த அழுத்தக் காற்று. இப்போது மூடியைத் திறந்தால் வெளிக்காற்று 'உஸ்' என்று உள்ளே பாயும். குகையின் சுவர் பாறை, அதனால் நசுங்காது. வாயும் எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆகவே வெளியே அழுத்தம் ஏறும்போதெல்லாம் குகை காற்றை உள்ளே இழுக்கிறது, இறங்கும்போதெல்லாம் வெளியே விடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல். காற்றழுத்தத் தாழ்வு ஒன்று நெருங்கி வர, அதில் 10 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1 சதவீதம். குகையின் கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்றால் அதில் 1 சதவீதம், அதாவது 10,000 கன மீட்டர் காற்று வெளியேறியாக வேண்டும். வாய் ஒரே ஒரு சதுர மீட்டர், காற்றின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்றால், இதற்கு 10,000 நொடி பிடிக்கும். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். வாய் கால் சதுர மீட்டராகச் சுருங்கினால், அதே நேரத்தில் அதே காற்று வெளியேற நொடிக்கு 4 மீட்டர் வேகம் வேண்டும். உள்ளே இடம் பெரிதாகவும் வாய் சிறிதாகவும் இருக்க இருக்க, ஊதல் பலமாகிறது.

சரி, வானிலை மாறாத தெளிவான நாளில்? அப்போதும் குகை சும்மா இருப்பதில்லை. சூரியன் வளிமண்டலத்தில் உள்ள ஓசோனையும் நீராவியையும் சூடாக்குவதால், கடலில் அலை ஏறி இறங்குவதுபோல் காற்றழுத்தமும் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணி வாக்கிலும் இரவு 10 மணி வாக்கிலும் உச்சம். அதிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தாழ்வு. வெப்பமண்டலப் பகுதிகளில் இந்த ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கும். நம் வாசகர் காலையில் நுழைந்தது அழுத்தம் ஏறும் நேரம், மூன்று மணிக்கு வெளியே வந்தது இறங்கும் நேரம். அவர் கண்டது குகையின் அன்றாட மூச்சு. தினம் தவறாமல் நடப்பது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இந்தக் கணக்கைத் திருப்பிப் போட முடியும் என்பதுதான். வாயில் எவ்வளவு காற்று வந்தது, வெளியே அழுத்தம் எவ்வளவு மாறியது என்ற இரண்டையும் அளந்துவிட்டால், உள்ளே எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். யாரும் காலடி வைக்காத கூடங்களையும் சேர்த்து!

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இருக்கும் விண்ட் கேவ் இதற்குப் பேர்போன இடம். அதன் இயற்கை வாய் ஒரு ஆள் நுழையவே திணறும் சிறு ஓட்டை. அந்த மண்ணின் லகோட்டா மக்கள் அதைப் பூமி மூச்சு விடும் இடமாகக் காலங்காலமாக அறிந்திருந்தார்கள். பாரோமீட்டர் இல்லாமலேயே அவர்கள் கவனித்த உண்மை அது. 1881-ல் பிங்காம் சகோதரர்கள் அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தபோது ஒருவரின் தொப்பியைக் காற்று தூக்கி எறிந்ததாம். சில நாள் கழித்து நண்பர்களுக்குக் காட்டப் போனபோது தொப்பியைக் காற்று உள்ளே இழுத்துக்கொண்டதாம். தொப்பிக் கதை எவ்வளவு உண்மையோ, அதில் வரும் இயற்பியல் முழுக்கச் சரி. இடையில் வானிலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பக்கத்தில் ஜுவல் கேவ் என்ற இன்னொரு குகை. ஹெர்ப் கான், ஜான் கான் என்ற மலையேறும் தம்பதி 1959-லிருந்து அதற்குள் இறங்கி வரைபடம் எழுதினார்கள். ஹெர்ப் கான் இரண்டு குகைகளின் வாயிலும் காற்றை அளந்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டார். அதுவரை கண்டுபிடித்திருந்த பாதைகளின் கொள்ளளவு, காற்று சொன்ன கொள்ளளவில் மிகச் சிறிய பங்காகத்தான் இருந்தது. மிச்சம் எங்கே என்று தேடிப் போனவர்களுக்கு ஜுவல் கேவ் வழி விட்டுக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு அதில் 340 கிலோமீட்டருக்கு மேல் அளந்தாகிவிட்டது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருக்கும் லெச்சுகியா குகை இன்னும் சுவாரசியம். பல பத்தாண்டுகளாக அது ஒரு சாதாரணப் பள்ளம், அடியில் கற்குவியல். ஆனால் வானிலை மாறும் நாட்களில் அந்தக் கற்களுக்கு அடியிலிருந்து காற்று இரைவது கேட்டது. அனுமதி வாங்கி, காற்று வந்த இடுக்கைத் தொடர்ந்து தோண்டினார்கள். 1986 மே மாதம் வழி திறந்தது. இப்போது அதன் அறியப்பட்ட நீளம் 240 கிலோமீட்டருக்கு மேல், ஆழம் 489 மீட்டர். பாறை இடிந்து அடைத்த இடத்தில் குகையாளர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கையுறையைக் கழற்றி, ஈரமான புறங்கையை ஒவ்வொரு இடுக்கிலும் பிடித்துப் பார்க்கிறார்கள். எந்த இடுக்கில் சில்லென்று படுகிறதோ அங்கே கல்லை நகர்த்துகிறார்கள்.

எல்லாக் குகையும் இப்படி மூச்சு விடுவதில்லை. மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய் இருக்கும் குகை புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பு. அது எடை குறைந்து மேல் வாய் வழியாக ஏறிப்போக, கீழ் வாய் குளிர்ந்த காற்றை இழுக்கும். கோடையில் அப்படியே தலைகீழ். உயர வித்தியாசம் 100 மீட்டர், வெப்பநிலை வித்தியாசம் 10 டிகிரி என்றால் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் 40 பாஸ்கல், அதாவது 0.4 ஹெக்டோபாஸ்கல் அளவில்தான். வளிமண்டல அழுத்தத்தில் 0.04 சதவீதம். அந்தச் சின்ன வித்தியாசமே, உராய்வு குறைவான பாதையில் நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளிவிடும்.

குகைக் கூரையிலிருந்து விழுதுபோல் தொங்கும் கல்விழுதுகளை வளர்ப்பதிலும் இந்தக் காற்றுக்குப் பங்கு உண்டு. கூரையில் கசியும் நீர்த்துளி மண்ணிலிருந்து நிறைய கரியமில வாயுவைச் சுமந்து வருகிறது. அந்த வாயு துளியை விட்டு வெளியேறினால்தான் சுண்ணாம்பு படியும். குகைக் காற்றிலேயே கரியமில வாயு நிறைந்திருந்தால் துளி அதை விடாது. வெளியிலிருந்து புதுக்காற்று வந்து அந்த வாயுவைக் குறைத்துவிட்டால் வேகமாக விடும். அதனால்தான் பல குகைகளில் காற்றோட்டம் மிகுந்த பருவத்தில் சுண்ணாம்பு அதிகமாகப் படிகிறது. தண்ணீரையும் கல்லையும் மட்டும் சொல்லிக் காற்றை விட்டுவிட்டால் கல்விழுதின் கதை பாதிதான்.

அதே கரியமில வாயுதான் ஆபத்தும். வெளியே அதன் அளவு 0.04 சதவீதம். காற்றோட்டமில்லாத தாழ்வான அறையில் அது ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு ஏறலாம். 3 சதவீதத்தில் மூச்சிரைப்பும் தலைவலியும் வரும், 10 சதவீதத்தில் நினைவு தப்பும். மெழுகுவர்த்தி எரிந்தால் பயமில்லை என்பது உயிரோடு விளையாடும் நம்பிக்கை. சுடர் அணைவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே கரியமில வாயு மனிதருக்கு ஆபத்தான அளவை எட்டியிருக்கலாம். காரணமில்லாமல் மூச்சு வாங்கினால் உடனே திரும்பிவிடுங்கள். வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றாலும் கவனம் வேண்டும். எங்கோ தாழ்வான இடத்தில் வெள்ளம் பாதையை நிரப்பி மூடியிருக்கலாம். 2018 ஜூன் மாதம் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் அப்படித்தான் தண்ணீருக்குப் பின்னால் சிக்கினார்கள். அவர்கள் இருந்த இடத்தில் ஆக்சிஜன் 15 சதவீதத்துக்கு இறங்கியதாக மீட்புக் குழுவினர் அறிவித்தார்கள். மழைக்காலத்தில் ஆற்றுக் குகைக்குள் போகாதீர்கள் என்று இதைவிட அழுத்தமாக எப்படிச் சொல்வது?

சுற்றுலாவுக்காகக் குகையைத் திறப்பவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வாயை அகலப்படுத்துவார்கள், படிக்கட்டு கட்டுவார்கள், வண்ண விளக்கு போடுவார்கள். அந்தக் குகை எப்படிச் சுவாசிக்கிறது என்று யாரும் ஓராண்டு அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். வாயின் அளவு மாறினால் காற்று மாறும், ஈரப்பதம் மாறும், கல்விழுது காய்ந்து வளர்ச்சி நின்றுவிடும். பழங்கால மனிதர்களின் சுவரோவியங்கள் இருக்கும் பிரான்சின் லாஸ்கோ குகை 1948-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சும் உடல் சூடும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவர்களில் பாசியையும் சுண்ணப் படிவையும் கொண்டுவந்தன. 17,000 ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்த ஓவியங்களைக் காப்பாற்ற 1963-ல் குகையை மூட வேண்டியதாயிற்று.

சரியாகச் செய்யவும் முடியும். அரிசோனாவில் 1974-ல் கேரி டெனன், ராண்டி டஃப்ட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள், ஒரு பள்ளத்தின் அடியில் சின்னப் பிளவு வழியாக வெதுவெதுப்பான ஈரக்காற்று வருவதை உணர்ந்து உள்ளே நுழைந்தார்கள். கண்ட அழகு பாழாகிவிடுமே என்று பல ஆண்டுகள் அதை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1988-ல் அரிசோனா மாநிலம் அந்த இடத்தைப் பூங்காவாக எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் ஆராய்ந்து, ஒன்று மூடினால்தான் அடுத்தது திறக்கும் அடுக்குக் கதவுகள் வைத்து, 1999-ல்தான் கார்ச்னர் என்ற அந்தக் குகையைத் திறந்தார்கள். வெளவால்கள் குட்டி போடும் கோடை மாதங்களில் அதன் பெரிய கூடத்துக்குள் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. ஒரு பாரோமீட்டர், ஒரு வெப்பமானி, காற்றின் வேகத்தை அளக்கும் ஒரு கருவி, இவற்றை ஓராண்டு கவனிக்க ஒரு ஆராய்ச்சி மாணவர். படிக்கட்டுச் செலவில் ஒரு துளி போதும் இதற்கு. திறப்பதற்கு முன் இந்த அளவீடு கட்டாயம் என்று ஒவ்வொரு நாடும் சட்டமாகவே எழுத வேண்டும் என்பேன்.

நீங்களே அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. பல ஸ்மார்ட்போன்களில் காற்றழுத்த உணரி உண்டு. அதைக் காட்டும் இலவசச் செயலிகளும் கிடைக்கின்றன. அடுத்த முறை வழிகாட்டியோடு குகைக்குப் போகும்போது, வாயிலில் நின்று அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நூலைப் பிடித்து அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வெளியே வரும்போது அதே இடத்தில் மறுபடி பாருங்கள். போனை ஏற்றி இறக்கினாலும் அழுத்தம் மாறும் என்பதால் அதே உயரத்தில் வைத்துப் பார்ப்பது முக்கியம். அழுத்தம் குறைந்து, நூல் வெளிப்பக்கம் சாய்ந்தால் குகை மூச்சு விடுகிறது. அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் நூல் ஒரே பக்கம் சாய்ந்தால், அந்தக் குகைக்கு வேறு உயரத்தில் இன்னொரு வாய் இருக்க வாய்ப்பு அதிகம். வழிகாட்டியிடம் விசாரியுங்கள்.