ஸ்டியரிங்கில் ஆணிக்கு என்ன வேலை?

போன வாரமும் ஒரு அம்பாசடர். புது பெயின்ட், புது சீட் கவர், பம்பரில் முகம் பார்க்கலாம். தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையான டை ராட் எண்டைப் பார்த்தால், இரு கால்களையும் மடக்கிவிடும் கம்பியான ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் வளைத்து விட்ட ஒரு ஆணி. ஓனரிடம் காட்டினேன். “அதான் நட் டைட்டா இருக்கே சார்” என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நட் டைட்டாக இருப்பதை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. டை ராட் எண்டின் தண்டு கூம்பாக இருக்கும். அது போய் உட்காரும், சக்கரத்தைத் திருப்பும் கையான ஸ்டியரிங் ஆர்மின் ஓட்டையும் அதே கூம்பு. நட்டை இறுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. பள்ளத்திலும் மேட்டிலும் வரும் அடியைத் தாங்குவது அந்தக் கவ்வல்தான். நடுவில் பெயின்டோ கிரீஸோ இருந்தாலும், ஓட்டை தேய்ந்து அகன்றிருந்தாலும், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் தண்டு உள்ளே ஆடும். ஆட ஆட நட் தளரும். அப்போது அது கழன்று விழாமல் தடுக்கத்தான் ஸ்ப்ளிட் பின். அந்த இடத்தில் ஆணியைச் செருகி வைத்தால் அது எத்தனை நாள் நிற்கும்?

அதனால் மாட்டுவதற்கு முன் இரண்டையும் துடைத்துக் காய வையுங்கள். கூம்பின் நீளத்துக்கு மார்க்கரில் ஒரு கோடு போட்டு, ஓட்டைக்குள் அழுத்தித் திருப்பி எடுங்கள். கோடு முழுக்க அழிந்திருந்தால் சரி. ஒரு ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் ஆர்மை மாற்ற வேண்டியதுதான். இறுக்கிய பிறகு ஸ்ப்ளிட் பின்னுக்கான ஓட்டை, நட்டின் மேல் இருக்கும் வெட்டுப் பள்ளத்துக்கு நேராக வரவில்லையா? நட்டைப் பின்னால் தளர்த்தவே கூடாது, அடுத்த பள்ளம் வரை முன்னால் இறுக்குங்கள். கழற்றிய பழைய ஸ்ப்ளிட் பின்னைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். டீக்காசுக்குக் கைநிறையக் கிடைக்கிற சாமான் அது.

மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014-இல் அம்பாசடர் தயாரிப்பு நின்றுபோனதிலிருந்து இன்னொரு தொல்லை. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அலைந்து “பிரிக்காத டப்பா சார்” என்று பிரேக்கின் ரப்பர் சாமான்கள் அடங்கிய பழைய கிட் வாங்கி வருகிறார்கள். டப்பாவுக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் வேண்டாம்.

பிரேக்கில் நான் அதிகம் பார்ப்பது இடம் வலம் மாறிய பிளேட், அதாவது டிரம்முக்குள் பிரேக் பாகங்களைத் தாங்கும் தகடு. முன் டிரம் ஒவ்வொன்றிலும், பிரேக் ஷூவை டிரம்மின் மேல் தள்ளும் வீல் சிலிண்டர்கள் இரண்டு. வண்டி முன்னால் போகும்போது டிரம் சுழல்கிற வேகமே இரண்டு ஷூவையும் இன்னும் அழுத்திப் பிடிக்க வைக்கும். பிளேட்டை மாற்றி மாட்டிவிட்டால் ரிவர்ஸில் டக்கென்று நிற்கும், முன்னால் போகும்போது வழுக்கிக்கொண்டே போகும். ஓனர் ஷூவின் மேல் இருக்கும் லைனிங்கைக் குறை சொல்லி நாலு தடவை லைனிங் மாற்றியிருப்பார். கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இந்தக் கூத்தே இல்லை.

பிரேக் ஆயில் டப்பாவில் என்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது? உள்ளே இருக்கிற ரப்பர் அத்தனையும் ஊதிப் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். ஆயில் போகும் ரப்பர் குழாயான ஹோஸ், சீல் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். டாட் 3 அல்லது டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றுங்கள், சிலிக்கான் டாட் 5-ஐ அதோடு கலக்காதீர்கள்.

புது ஹோஸ் மாட்டினால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முறுக்கிக்கொண்டோ டயரில் உரசியோ நிற்கக் கூடாது. டை ராட் எண்ட் மாற்றினால் சக்கரங்களின் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

தயவுசெய்து, ஈ.சி.ஆருக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன், ஆள் இல்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் மறுபடி கழற்றுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பக்கத்தில் நின்று ஸ்ப்ளிட் பின்னைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.