ஸொம்பி: நடைப்பிணம் என்று எழுதலாமா?

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளோடு படங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: "சேர், ஸொம்பி எண்டால் சோம்பேறியோ?" படங்களில் செத்தபின் எழுந்து நடந்து ஆளைக் கடிக்கும் பிணத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. நம் சோம்பலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தச் சொல்லின் வேரை மத்திய ஆப்பிரிக்காவில்தான் தேடுகிறார்கள். கிம்புண்டு, கொங்கோ மொழிகளில் ஆவியையும் தெய்வத்தையும் குறிக்கும் சொற்களோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். அடிமைகளோடு கடல் கடந்து ஹெயிட்டிக்குப் போனபோது பொருள் கொடியதானது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டத்தில் மாண்டவனுக்குச் சாவிலும் விடுதலை இல்லை; மந்திரவாதி எழுப்பி மறுபடி வேலை வாங்குவான். அந்த ஸொம்பி யாரையும் கடிக்காது, உழைத்துக்கொண்டே இருக்கும். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெயிட்டியைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இந்தக் கதை அமெரிக்காவில் பரவி, 1932இல் படமாகவும் வந்தது.

ஆளைத் தின்னும் பிணங்களைத் திரையில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க இயக்குநர் ஜோர்ஜ் ரொமேரோ. அவருடைய 1968ஆம் ஆண்டுப் படத்தில் 'ஸொம்பி' என்ற சொல்லே வராது. பிணந்தின்னிப் பேயைக் குறிக்கும் அரபுவழிச் சொல்தான் வரும். இரவு முழுக்கப் போராடித் தப்பிய கறுப்பின நாயகன் விடிந்ததும் சன்னலுக்கு வருகிறான். துவக்கோடு வந்த கூட்டம் அவனையும் பிணமென்று எண்ணிச் சுட்டு, மற்ற உடல்களோடு போட்டு எரிக்கிறது. விமர்சகர்கள் இதில் நிறவெறியைக் கண்டார்கள், வியட்நாம் போரையும் கண்டார்கள். நன்றாக நடித்துக் காட்டியதால்தான் அந்த நடிகரை எடுத்தேன் என்றார் ரொமேரோ. சரி, இருக்கட்டும். எடுத்தவர் நினையாததும் படத்தில் ஏறிவிடும். 1978இல் அவருடைய பிணங்கள் கடைத்தொகுதிக்குள் அலைந்தன. அது நுகர்வு வெறி என்பது எல்லாரும் அறிந்த வாசிப்பு.

தமிழில் என்ன சொல்வது? 2016இல் வந்த தமிழ்ப் படம் 'மிருதன்' என்றது. வழக்கில் உள்ள சொல் நடைப்பிணம்: உயிர் இருந்தும் செத்தவர் கணக்கில் நிற்பவர். ஒப்புரவு அறியாதவனைச் "செத்தாருள் வைக்கப் படும்" என்று வள்ளுவர் சொன்னதும் இந்த வழிதான். ஹெயிட்டி அடிமைக்கு இது அப்படியே பொருந்தும்.

ஆனால் புதுக்குடியிருப்பில் ஓர் அம்மா, 2009இல் காணாமல் போன மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி சொன்னார்: "அவன் போன நாளிலயிருந்து நான் நடைப்பிணம்தான் தம்பி." வன்னியில் இந்தச் சொல் அவரைப் போன்றவர்களுடையது. கேள்வியில்லாமல் சுடலாம் என்று திரை காட்டும் பிணக்கூட்டத்துக்கு அதை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிணந்தின்னி என்று எழுதுகிறேன், இல்லாவிட்டால் ஸொம்பி என்றே விட்டுவிடுகிறேன்.